பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுக்குச் சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தையிடம் அத்துமீறியவன் பெயரையும் படத்தையும் ஊரறிய வெளியிடுங்கள் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் பாலியல் குற்றவாளிகளுக்கென ஒரு தேசியப் பதிவேடு 2018 செப்டம்பர் 20 முதலே இந்தியாவில் இருக்கிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கும் அதில் தொடங்கிய நாளிலேயே 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை எல்லாம் உண்டு. பார்க்கும் உரிமை மட்டும் காவல்துறை போன்ற அமைப்புகளோடு நின்றுவிடுகிறது.

இதற்கென்று நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவில்லை. ஒருவர் பெயர் எத்தனை ஆண்டு அதில் இருக்கலாம், மேல்முறையீட்டில் விடுதலையானால் எப்போது நீக்க வேண்டும், தவறாக ஏறிய பெயருக்கு யாரிடம் முறையிடுவது என்பதையெல்லாம் சட்டமே சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியையாக இருந்தவள் என்பதால் என் கவலை பள்ளி வாசலில்தான் நிற்கிறது. வேன் ஓட்டுநர், வாட்ச்மேன், ஆயா, ஒப்பந்தத்தில் வரும் பி.டி. மாஸ்டர் என்று குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் 3ஆவது விதி. நல்ல விதி. ஆனால் அந்தச் சரிபார்ப்பில் தேசியப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. நான் அறிந்த சில பள்ளிகளில் ஆதார் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. வேறு மாநிலத்தில் தண்டனை முடிந்து வந்து இங்கே வேன் ஓட்டுபவரைப் பற்றி அந்த நகல் என்ன சொல்லும்?

பிரிட்டனில், குழந்தைகளோடு பணியாற்றத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல் தனிச்சட்டத்தின்படி நடக்கிறது. வேலைக்கு எடுக்கும் முன் பள்ளி சரிபார்க்கிறது. தடைபட்டவர் அந்த வேலைக்கு விண்ணப்பிப்பதே அங்கே குற்றம். நமக்குத் தேவை இதுதான். பள்ளி கேட்டால், பதிவேட்டில் பெயர் உண்டா இல்லையா என்ற ஒற்றைப் பதில்.

அமெரிக்காவைப் போல எல்லோரும் பார்க்கத் திறந்துவிடலாமே என்பார்கள். நான் அதை உறுதியாக எதிர்க்கிறேன். போக்சோ வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளே காட்டுகின்றன. அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். அவர் பெயரும் தெருவும் வெளியானால் அந்தக் குழந்தை யார் என்பதும் வெளியாகிவிடும். ஊடகங்கள் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டம் 23ஆவது பிரிவில் கட்டிய காப்பை நாமே உடைக்கலாமா? நாளை இன்னொரு குழந்தை வாய் திறக்கத் துணியுமா?

காதலித்த பதின்வயதினர் மீதான போக்சோ வழக்குகளைத் தனியே பார்க்க வேண்டும். அத்தகைய ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. 19 வயதுப் பையனும், சிறுமியை வேட்டையாடியவனும் பதிவேட்டின் ஒரே பக்கத்தில் இடம்பெறக் கூடாது.

மத்திய சட்டம் வரும்வரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. காவல்துறை மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. பள்ளிப் பணியாளர் சரிபார்ப்பில் தேசியப் பதிவேட்டையும் பார்த்துப் பதில் தர வேண்டும் என்று காவல் நிலையங்களுக்கு ஓர் ஆணை போதும். ஜூனில் பள்ளி திறக்கும் முன், வேன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன், அந்த ஆணை வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திண்டுக்கல்.