சாட்ஸ்வர்த் அழகுப்பொருள் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள் நான். என் மாணவி ஒருத்தி சில மாதங்களாகத் தலைமுடியைக் கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டே வகுப்பில் அமர்கிறாள். அவளுக்கு முதலில் இருந்தவை நான்கைந்து பருக்கள்தாம். அவை ஆறிய இடத்துக் கறைக்கென்று, உள்ளடக்கம் எதுவும் அச்சிடப்படாத ஒரு களிம்பு கடையொன்றில் அவளுக்கு விற்கப்பட்டது. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்றானது. நிறுத்தியதும் பருக்கள் முன்னைவிடப் பெருகி, தோல் மெலிந்து சிவந்துவிட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்பினால் வரும் கேடு இது என்றார் மருத்துவர்.

பரு வீங்கும்போது நிறமி செல்கள் தூண்டப்பட்டு தோலுக்கு நிறம் தரும் மெலனினை மிகுதியாகச் சுரப்பதால்தான் நம் போன்ற மாநிறத் தோலில் கறை நெடுநாள் தங்குகிறது. அது தழும்பு அன்று. மேல்தோலோடு நின்றிருந்தால் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகி, தானே மங்கும். அவசரப்பட்டு வெளுக்க முயல்வதே கேடு. தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற வேதிப்பொருள் கலந்த களிம்புகளைப் பல்லாண்டு பூசியவர்களின் கன்னங்களில் நீலங்கலந்த கருமை நிலையாகப் படிந்ததைக் கண்ட பிறகுதான், 1990-இல் நம் தென்னாப்பிரிக்கா அழகுப்பொருள்களில் அதைத் தடை செய்தது. அந்தத் தடைக்குப் பின்னும் பெயர் தெரியாத டப்பாக்கள் உங்கள் அலமாரிகளில் இருப்பது எனக்கு வியப்பையும் வருத்தத்தையும் தருகிறது.

புதிய பரு வராமல் தடுத்தால்தான் புதிய கறையும் வராது. 2.5 விழுக்காடு பென்சாயில் பெராக்ஸைடு களிம்பு மருந்துக் கடையில் சீட்டின்றிக் கிடைக்கும். அது துணியை வெளுக்கச் செய்யும் என்பதையும் சொல்லி அனுப்பலாம். மருத்துவர் எழுதித் தரும் அடாபலீன் என்ற பூச்சு மருந்து பருவைத் தடுக்கும். அது கருவுற்ற பெண்களுக்கு ஆகாது. அசிலாயிக் அமிலம் கலந்த பூச்சு பருவுக்கும் கறைக்கும் சேர்ந்தே உதவும். எதற்கும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். டர்பன் வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் இவை எவையும் கறையைப் போக்கா. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகை இன்னும் நல்லது. (எலுமிச்சைச் சாற்றைத் தேய்க்கச் சொல்லும் நம் பாட்டிமாரோடு நான் தனியே பேசிக்கொள்கிறேன்.)

உள்ளடக்கம் அச்சிடப்படாத களிம்புகளை இந்த மாதத்துக்குள் அலமாரியிலிருந்து அகற்றுங்கள் என்று வேண்டுகிறேன். அந்த இடத்தில் சன்ஸ்கிரீனை வையுங்கள். எடுத்து அடுக்க ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை