ஒவ்வொரு மாணவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வனவிலங்கு மேலாண்மை முதுநிலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இதே துறையில் முதுநிலை முடித்து, இப்போது களத்தில் வேலை பார்ப்பவன் நான். பாடங்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆய்வேடு நடக்கும் விதத்தில்தான் குறை.

படிப்பு இரண்டு ஆண்டு. முதலாண்டு வகுப்பறையிலேயே போய்விடுகிறது. தலைப்பு முடிவாகி, வனத்துறை அனுமதி கைக்கு வந்து, மாணவர் காட்டுக்குள் நுழையும்போது மிஞ்சுவது சில மாதங்கள். மழைக்காலத்தில் விலங்குகளை எண்ணியவருக்கு, நீர்நிலைகள் வற்றும்போது அவை எங்கே போகின்றன என்பது தெரியாது. ஆனாலும் கடைசி அத்தியாயத்தில் 'மேலாண்மைப் பரிந்துரைகள்' கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பரிந்துரைகளை யாரும் செயல்படுத்துவதில்லை என்பது ஒருவகையில் நிம்மதி.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்றொரு தீவு. அங்கே ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958 முதல் ஆய்ந்து வருகிறார்கள். தொடங்கியவர் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டர்வர்ட் ஆலன். முதலில் களமிறங்கியவர் அவருடைய முனைவர் பட்ட மாணவர் டேவிட் மெக். 1980இல் தீவில் 50 ஓநாய்கள் இருந்தன, 1982இல் 14தான். இடையில் நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் தீவுக்குள் வந்திருந்தது. 1980இல் ஆய்வேட்டை முடித்தவர் ஓநாய்கள் செழிப்பாக இருப்பதாக எழுதியிருப்பார். அடுத்து வந்தவர் அழிவின் விளிம்பில் என்று எழுதியிருப்பார். இருவர் எழுதியதிலும் பிழை இருக்காது. பின்னாளில் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் நலிந்து இரண்டே ஓநாய்கள் மிஞ்சியபோது, வெளியிலிருந்து கொண்டுவந்து விடலாமா என்று ஆதாரத்தோடு விவாதிக்க முடிந்ததற்கு அந்த நீண்ட பதிவும் ஒரு காரணம். 2018இல் புதிய ஓநாய்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

நம் துறைக்கும் நிரந்தரமாக ஒரு களம் வேண்டும். ஒவ்வொரு ஆண்டின் மாணவர் அணியும் விலங்குகளை எண்ணக் குறித்துவைத்த அதே ட்ரான்செக்ட் பாதைகளில் நடக்கட்டும், அதே பருவத்தில், அதே இடங்களில் கேமராக்களைக் கட்டட்டும். அனுமதியை மாணவர் பெயரில் அல்லாமல் துறையின் பெயரில், பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்குங்கள். இப்போது மூலத்தரவு மாணவரின் மடிக்கணினியோடு வெளியேறிவிடுகிறது; வழிகாட்டி ஓய்வு பெற்றால் மிச்சமும் போய்விடும்.

ஆய்வின் புதுமை கெட்டுவிடும் என்பீர்கள். களம்தான் பொது, கேள்வி அவரவருடையது. ஒருவர் நோயைப் பார்க்கலாம், இன்னொருவர் இரையை. காட்டோரத்தில் பயிரைப் பறிகொடுக்கும் விவசாயிகளிடம் போகிறவருக்கு இதனால் லாபம் இன்னும் அதிகம். முதல்முறை வினாத்தாளோடு வருபவரிடம் அவர்கள் இழப்பீடு வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆண்டுதோறும் அதே துறையிலிருந்து ஆள் வந்தால்தான் மின்வேலியைப் பற்றியும் கண்ணியைப் பற்றியும் பேச்சு வரும். அதெல்லாம் தெரியாமல் எழுதும் பரிந்துரை எதற்கு?

அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தில் துறையின் பெயரில் அனுமதி வாங்குவதையும், மூலத்தரவைத் துறையிலேயே சேர்த்துவைக்கும் காப்பகத்தையும் மட்டுமாவது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். களத்தைத் தேர்வு செய்யும்போது அழைத்தால், பழைய மாணவர்கள் சிலரோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன்