வெள்ளிக்கிழமை தின்பண்டம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலை இடைவேளைக்குப் பிள்ளைகள் வீட்டில் செய்த தின்பண்டம் கொண்டுவர வேண்டும். அதைச் செய்ததில் பிள்ளையின் கையும் பட்டிருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. சரி, கடை 51-ஆவது மீட்டரில் இருந்தால்? 'சாப்பிடாதே' என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லியும் பார்த்துவிட்டோம். குப்பைத்தொட்டியில் சிப்ஸ் பாக்கெட் குறைந்தபாடில்லை. தானே செய்ததை மட்டும் எந்தப் பிள்ளையும் மிச்சம் வைப்பதில்லை.

எள்ளுருண்டையில் தொடங்கலாம். பாகு காய்ச்சும் வேலை இல்லை. கறுப்பு எள்ளை அலசி உலர்த்தி, படபடவென்று பொரியும்வரை வறுப்பது நீங்கள். வெல்லத்தைத் தட்டுவது பிள்ளை. எள் ஆறியதும் இரண்டையும் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால், எள்ளின் எண்ணெயே கசிந்து உருண்டை பிடிக்க வரும். நெய்கூடத் தேவையில்லை. ஒன்று நெல்லிக்காய் அளவிலும் இன்னொன்று எலுமிச்சை அளவிலும் இருக்கும். இருக்கட்டும். எல்லாம் ஒரே அளவில் வந்தால் உருட்டியது யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்! வெல்லமும் இனிப்புதான், அதனால் ஒன்றிரண்டு போதும்.

கடலை உருண்டை என்றால், வறுத்த கடலையைத் தேய்த்துத் தோலை ஊதித் தள்ளுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். வீடு கொஞ்சம் குப்பையாகும். பாகுப் பக்கம் மட்டும் விடாதீர்கள். தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். இனிப்பு வேண்டாம் என்பவர்கள் பாசிப்பயறைப் புதன் இரவு ஊறவைத்து, வியாழன் காலை வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். வெள்ளிக்கிழமை முளை விட்டிருக்கும். ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவல் தூவினால் சுண்டல் தயார்.

வேலை முடிந்து இரவில் வீடு திரும்புகிறவர்கள் சங்கடப்பட வேண்டாம். நனைத்த அவலில் வெல்லம் கலக்கப் பிள்ளைக்கே தெரியும். கடலையை அவித்தாலும் போதும். அப்புறம், இது அம்மாக்களுக்கு மட்டும் எழுதிய கடிதம் இல்லை. அப்பாக்களும் தாத்தாக்களும் வெல்லம் தட்டலாம்.

கடலையோ எள்ளோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். அந்த வகுப்பில் அந்தப் பண்டத்தையே தவிர்த்துவிடுவோம். போட்டி, பரிசு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் படமும் போட வேண்டாம்.

டப்பாவிலும் மூடியிலும் பெயர் எழுதி அனுப்புங்கள். சொந்தக்காரர் தெரியாத மூடிகள் அலுவலக அறையில் ஏற்கெனவே ஒரு பை நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்