மெலியும் மாத்திரைக்கும் வயது வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

18 வயது நிறையாதவருக்கு சிகரெட் விற்பது குற்றம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அது; பெட்டிக்கடையிலும் அந்தப் பலகை தொங்குகிறது. அதே வயதுப் பிள்ளை, கொழுப்பைக் கரைத்து மெலிய வைக்கும் என்று விற்கும் ‘ஃபேட் பர்னர்’ டப்பா கேட்டால் மறுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநராக இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறை விட்டதும், வீட்டில் கல்யாணம் நெருங்கும்போதும் பள்ளி மாணவிகள் வருவார்கள். செல்போனில் ரீல்ஸைக் காட்டி “அண்ணா, இது உண்டா?” என்பார்கள். பையன்கள் ஜிம்மில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோடு வருவார்கள். மருந்து என்றால், “டாக்டர் சீட்டு கொண்டு வா மக்களே” என்று திருப்பி அனுப்பலாம். இவையோ உணவுப் பொருள் என்ற உரிமத்தில் வருபவை. நான் இல்லை என்றால் அடுத்தது ஃபேன்சி ஸ்டோர், அதுவும் இல்லையென்றால் ஆன்லைன்.

“மூலிகைதானே” என்று தாய்மாரே சொல்வதுதான் வேதனை. எங்கள் மாவட்டத்தில் மீன் கறிக்குப் போடும் குடம்புளியின் சத்தைச் செறிவாக்கி, ‘கார்சீனியா’ என்று மாத்திரையாக விற்கிறார்கள். கறியில் இரண்டு சுளை போடுவது வேறு, இது வேறு. இதனாலும், பச்சைத் தேயிலைச் செறிவு மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. உடல் எடையைக் குறைக்கக் கொடுத்துவந்த சிபுட்ரமின் என்ற மருந்தின் கதை இன்னும் மோசம். மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தால் 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து அது. அதற்குப் பிறகும் ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற டப்பாக்களில் ஆய்வகச் சோதனையின்போது சிக்கியிருக்கிறது. லேபிளில் அதன் பெயர் இருக்காது. மருந்தியல் படித்த நானே கண்டுபிடிக்க முடியாததைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே தடுத்திருக்கிறோம். உணவு என்று பெயர் மாற்றிக்கொண்டால் அந்தச் சட்டத்துக்கு வெளியே நழுவிவிடலாம்.

நியூயார்க் மாநிலம் 2024 ஏப்ரல் முதல் இவற்றை 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடை விதித்திருக்கிறது. மீறினால் 500 டாலர் வரை அபராதம். சாதாரண புரோட்டீன் பவுடருக்கு விலக்கும் உண்டு. இதே வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இங்கே கொண்டுவர வேண்டும். டப்பாக்கள் கவுன்டருக்குப் பின்னால் இருக்கட்டும். வயதுச் சான்று பார்க்கும் பொறுப்பு எனக்கு மட்டுமல்ல, ஜிம்முக்கும் வீட்டு வாசலில் பார்சல் கொடுப்பவருக்கும் சேர்த்தே வர வேண்டும்.

– ஒரு மருந்தாளுநர், மார்த்தாண்டம்