ஆசிரியர் தருவது கால்பங்கு

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக விதைப்பு முடிந்துவிட்டது, மழையும் குறையில்லை. இந்த முறை இரணைமடுக் குளம் நிரம்பும் என்று ஊரே நம்பியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோ இன்னும் விடவில்லை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒஸ்லோவில் உன் மகள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உன் மனதுக்கு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தாய். 'சேர்', 'ரீச்சர்' என்று எழுந்து நிற்கிற பிள்ளைகளோடு இருக்கிற எனக்கு அது விளங்குகிறது. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். போர் முடிந்த 2009க்குப் பிறகு தகரக் கொட்டிலிலும் மரநிழலிலும் பள்ளிக்கூடம் நடந்த நாட்களில் பிள்ளைகளை விட்டுப்போகாமல் வைத்திருந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் மரியாதையும் வாய் திறக்காமல் இருப்பதும் ஒன்றுதான் என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டோம். என் கவலை அதில்தான்.

ஆசிரியர் கலாசாலையில் நன்னூல் பாயிரம் படித்தோமே. மாணவனுக்குப் பவணந்தியார் சொன்னதில் 'அழலின் நீங்கான் அணுகான்', அதாவது நெருப்பிடம் போல ஆசானிடம் விலகிவிடாமலும் மிக நெருங்காமலும் இரு, என்பதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். 'வினாதல் வினாயவை விடுத்தல்', கேள்வி கேட்பதும் கேட்டதற்கு விடை சொல்வதும், என்று அதே பாயிரத்தில் சொன்னதைக் கைவிட்டுவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால்பங்குதான் பிடிபடும், இன்னொரு கால் உடன் படிப்பவரோடு பழகி வரும், மிச்ச அரைப்பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்று கணக்கே போட்டிருக்கிறார். ஏறக்குறைய 800 ஆண்டுக்கு முந்திய கணக்கு, மச்சான்!

1934இல் 37 வயதிலேயே இறந்துபோன சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கியும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறார். ஒரு பிள்ளைக்கு இன்று தனியே முடியாததை, பெரியவரோ கூடத் தெரிந்த இன்னொரு பிள்ளையோ கைகொடுத்தால் செய்துவிடும். கற்பித்தல் நடக்கவேண்டிய இடம் அதுதான் என்றார். அவர் உதவி பெறுகிற பிள்ளையைப் பார்த்தார். பவணந்தியார் உதவி செய்கிற பிள்ளையையும் சேர்த்துப் பார்த்தார். எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாக மனதில் நிற்கிறது.

போன கிழமை தரம் 6இல் பின்னக் கூட்டல். காலும் எட்டில் மூன்றும். கரும்பலகையில் நான் எழுதியது ஒரு பொடியனுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவள், வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை, அவனுடைய கொப்பியை இழுத்து ஒரு காணியைக் கீறினாள். "ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. கால் எண்டா நாலு. எட்டில மூண்டு எண்டா ஆறு. கூட்டினா பத்து. எட்டில ஒண்டு ரெண்டு பரப்பெல்லோ, அப்ப பத்து எத்தினை?" அவன் விரலை மடக்கி எண்ணிவிட்டு "எட்டில அஞ்சு" என்றான். உடனே அவளே திரும்பி, "சேர், அப்ப மூண்டில ஒண்டைப் பரப்பில எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுக்கப் போனதால்தானே அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது.

கூட இருப்பவரோடு பழகி வருகிற அந்த நடுக் கால்பங்கு ஆசிரியர்களுக்கும் கிடைப்பதில்லை. ஜப்பானில் சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் பின்னால் இருந்து பிள்ளைகளைக் கவனித்து, பிறகு பேசிப் பார்ப்பது பழக்கம். இங்கே பின் இருக்கையில் யாராவது வந்து இருந்தால், குறிப்பேட்டில் பிழை பிடிக்க வந்தவர் என்று கை நடுங்கும். அடுத்த தவணை பக்கத்து வகுப்பு ரீச்சரும் நானும் மாறி மாறி உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். அதிபருக்குச் சம்மதம்.

பெற்றோரை நினைத்தால்தான் யோசனை. புலமைப்பரிசில், சாதாரண தரம், ரியூசன் என்று ஓடுகிறவர்கள், "சேர் படிப்பிக்காமல் பிள்ளையளைக் கதைக்க விடுறார்" என்பார்கள். பயத்தில் வருகிற பேச்சு அது. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மகளின் ஆசிரியரிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது: பிள்ளைகள் கூடிச் செய்த வேலைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் எப்படிப் புள்ளி போடுகிறார்? தவணை தொடங்க முன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் மச்சான்