எங்கள் மொரிஸ் மைனரைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

நானுஓயா கராஜ் பாஸுக்கும், டிங்கரிங் செய்த தம்பிக்கும், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வண்டிச் சாமான் அனுப்பும் அண்ணனுக்கும், தோட்டத்து லொறி ஓட்டிய மாமாவுக்கும், பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் வராமல் போனபின், இவருடைய 1959ஆம் வருடத்து மொரிஸ் மைனர் 1000 கார் என் பொறுப்புக்கு வந்தது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும் என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் செய்து காட்டினீர்கள். காட்டியதை எழுதிவைத்து நன்றி சொல்வதுதான் முறை. இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கும் உதவும்.

பாஸ், முதல் நன்றி கிரீஸ் கன்னுக்கு. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு மேலே கிரீஸ் ஏற்றும் ஒரு நிப்பிள், கீழே ஒரு நிப்பிள். கிங்பின் மேலும் கீழும் பூட்டியிருப்பது திருகு மரையில். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் கழன்று, சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிக்கச் சொன்னீர்கள். ஜாக்கில் தூக்கி, பாரம் இறங்கியபின் அடித்தால்தான் கிரீஸ் உள்ளே ஏறும். முதலில் கறுப்பாக, மணல்போல நறநறவென்று வரும், பிறகு பழுப்பு, சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அந்த நிறம் மாறுவதை என் விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினீர்களே, அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பிரேக் விஷயத்தில் உங்கள் கண்டிப்புக்கும் நன்றி. இந்த வண்டியில், பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சேசிஸுக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால்தான் மூடி தெரியும். அதனால் பலர் ஒயில் பார்க்கவே மறந்துவிடுகிறார்கள். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியா மூடுபனியில் அதற்குக் குறைவே இல்லை. ஈரம் ஏறிய ஒயில் ரதல்ல குறுக்கு வீதி போன்ற இறக்கத்தில் கொதித்து ஆவியானால், மிதித்த பெடல் தரைக்குப் போய்விடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டொட் 4 ஒயில் முழுவதும் மாற்றம்; மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் பின் இடது சக்கரத்திலிருந்து தொடங்கிக் குழாயிலுள்ள காற்றெடுப்பு. முன் சக்கரங்களில் இரண்டிரண்டு, பின்னால் ஒவ்வொன்று என்று சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் மொத்தம் ஆறு. ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்து, ஈரமாக இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஆறுக்குமான ரப்பரை அண்ணன் அனுப்பிவைத்தார், ஒன்றுகூட அளவு தவறவில்லை.

மாமா, நிற்கிற வண்டியை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது கெடுதல் என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பேன். எஞ்சின் சூடேறாமல் நின்றால் தண்ணீர் சைலன்சரிலும் ஒயிலிலும் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 கிலோமீற்றர் ஓட்ட வேண்டும். சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டக் டக்கென்று அடித்து, மெதுவாகி, நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையா, நாளாகச் சும்மா நின்றதில் பம்புக்குள் மின்சாரம் தொடும் பொயின்ட் ஒட்டியிருக்கும். பம்பை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் போதும். ஏறிய கியரிலேயே இறங்கு என்றீர்கள், அதுவும் பிரேக்கைக் காத்தது. முதல் கியர் மட்டும் வண்டி முழுவதாக நின்றபின்தான் போட வேண்டும்.

இந்த உயரத்தில் காற்று மெல்லிசு என்பதால் பெற்றோல் கூடிப்போய்ப் புகை கறுக்கும். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும். ஒரேயடியாக அல்ல, பட்டை பட்டையாக. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் 0.015. எஞ்சின் ஒயில் 20டபிள்யூ50, பில்டரோடு சேர்த்து ஏறத்தாழ மூன்றே முக்கால் லீற்றர்.

பற்றரியில் பாடியோடு சேர்வது நேர் முனை. வேறொரு இடத்தில் இதை மாற்றிப் பூட்டியிருந்ததைக் கண்டுபிடித்ததும் பாஸ்தான். இப்போது அந்த இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

தம்பி, கதவின் அடியிலுள்ள தண்ணீர் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடச் சொன்னது பெரிய உதவி. மண் அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின் ஸ்பிரிங் கொளுவியிருக்கும் இடத்தையும் ஜாக் வைக்கும் இடத்தையும் விரலால் அழுத்திப் பார்க்கிறேன். நீங்கள் வெட்டி வெல்ட் பண்ணிய தகடு இன்னும் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகளே, பிளாஸ்டிக் படங்கை எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துணி போர்த்தியதும், ஹேண்ட் பிரேக் இழுக்காமல் சக்கரத்துக்குக் கல் வைத்ததும் நீங்கள். இழுத்துவிட்டால் ஈரத்தில் பிரேக் சூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எலி வராமல் சாக்குகளையும் அப்புறப்படுத்தினீர்கள்.

காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கையில் இருக்கின்றன. வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று.

ஞாயிறு காலை பனி விலகியதும் வண்டியை எடுக்கிறோம். இவர் இடது பக்க சீட்டில் இருப்பார். வழியில் கண்டால் நிறுத்துங்கள். பம்ப் சத்தம் சரியா என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்கிறார்.

நன்றியுடன்,
வீட்டார்