மெல்பர்னிலிருந்து தம்பிக்கு: ஃபுட்டி பார்க்கப் போவதற்கு முன்

மெல்பர்ன்,
மே மாதக் கடைசி

அன்புள்ள தம்பிக்கு,

விசா வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். வாடகை, வங்கிக் கணக்கு, ரயில் பஸ்ஸுக்கான மைக்கி அட்டை பற்றியெல்லாம் தனியாக எழுதுகிறேன். இது முழுக்க ஃபுட்டிக் கடிதம், அதாவது ஆஸ்திரேலியாவின் சொந்தக் கால்பந்து ஆட்டம் பற்றியது. சிரிக்காதே. ஜூலையில் நீ வந்து இறங்கும்போது இங்கே நடுக்குளிர். மார்ச்சில் ஆரம்பித்த ஆட்டப் பருவம் பாதியைத் தாண்டியிருக்கும். வகுப்பிலும் முடிவெட்டும் கடையிலும் உன் பெயரைக் கேட்ட கையோடு "எந்த டீம்?" என்பார்கள். "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

முதலில் ஒரு வார்த்தை. ஒரு அணியின் பக்கம் நின்று கத்துவதற்கு இங்கே 'பேரக்' என்று சொல்வார்கள். அமெரிக்கப் படம் பார்த்த பழக்கத்தில் 'ரூட்' என்று சொல்லி வைக்காதே. இங்கே அது படுக்கையறைச் சொல். சபையே சிரிக்கும்.

ஃபுட்டி நம் ஊர் கால்பந்தும் இல்லை, ரக்பியும் இல்லை. 1858-இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் கிரிக்கெட் ஆட்களின் உடம்பு தளர்ந்துபோகாமல் இருக்க ஒரு கால்பந்துச் சங்கம் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மே மாதம் விதிகளை எழுதிவிட்டார்கள். அந்தப் பிறப்பின் அடையாளம் இன்னும் போகவில்லை: ஆட்டம் நடப்பது முட்டை வடிவக் கிரிக்கெட் மைதானத்தில்தான். டிசம்பர் 26-ஆம் தேதி விடியற்காலையில் எழுந்து நீ டிவியில் பார்க்கும் அதே எம்சிஜி, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். பிட்ச்சை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்திருப்பார்கள்.

ஸ்கோர் படிக்கப் பழகிக்கொள், இல்லாவிட்டால் தலை சுற்றும். ஒரு நிஜ ஸ்கோர் தருகிறேன். 1995 ஏப்ரல் 25, போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினம், எம்சிஜி: காலிங்வுட் 17.9 (111), எஸெண்டன் 16.15 (111). புள்ளிக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பிஹைண்ட். கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1. பதினேழாறு நூற்றிரண்டு, அதோடு ஒன்பது, 111. எஸெண்டன் ஒரு கோல் குறைவாகப் போட்டும் ஆறு பிஹைண்ட் கூடுதலாக எடுத்துச் சமன் செய்துவிட்டது. 94,825 பேர் உட்கார்ந்து பார்த்த ஆட்டம், வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. இந்த ஆட்டத்தை ஞாபகத்தில் வை, பிறகு இதற்குத் திரும்பி வரவேண்டும்.

இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 6.4 மீட்டர். நடுவில் உள்ள உயரமான இரண்டுக்கும் இடையே காலால் உதைத்து, பந்து யார் மேலும் படாமல், கம்பத்திலும் படாமல் போனால் கோல். பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட். பந்து கோல் கம்பத்தில் பட்டாலும் பிஹைண்ட்தான். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கோல் என்று குதித்து மானம் போவார்கள். கோல் நடுவர் இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டும்வரை உட்கார்ந்திரு. ஒரு விரல் என்றால் ஒன்றுதான்.

பக்கத்துக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது. பந்தை வீசக்கூடாது: ஒரு கையில் ஏந்தி மறுகை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். பிடித்துக்கொண்டு ஓடினால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்டவேண்டும். 15 மீட்டராவது பறந்து வந்த உதையை நேராகக் கையில் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவரை யாரும் தொடக்கூடாது, நிதானமாக உதைக்கலாம். ஆட்டம் முடியும் சைரனுக்கு முன்னால் மார்க் பிடித்துவிட்டால் சைரன் அடித்த பிறகும் அந்த உதை செல்லும். ஸ்கோர் நெருக்கமாக இருந்தால் கடைசி நிமிடத்தில் எழுந்து ரயிலுக்கு ஓடாதே என்பது அதனால்தான். ஒரு குவார்ட்டர் 20 நிமிடம் என்று பெயர். நின்ற நேரமெல்லாம் சேர்ந்து அரை மணி ஆகும். நான்கு குவார்ட்டர், இடைவேளைகள் எல்லாம் கூட்டினால் இரண்டரை மணி நேரம்.

எம்சிஜிக்கு ரிச்மண்ட் அல்லது ஜோலிமாண்ட் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டியதுதான். எண்ணிட்ட இருக்கை இல்லாத டிக்கெட்டே போதும், ஆனால் முக்கால் மணி நேரம் முன்னால் போ. கீழ் அடுக்கின் முன்வரிசை காலியாக இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்காதே. கூரை அதுவரை எட்டாது, மழை வந்தால் நனைவாய். சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடி, டின், சாராயம் கூடாது. புளிசாதத்துக்குத் தடை இல்லை. மீட் பை வாங்கினால் ஓரத்தைக் கடித்து ஆவியை வெளியே விட்டுவிட்டுச் சாப்பிடு. உள்ளே இருக்கும் குழம்பு நாக்கைப் பொசுக்கும்.

கூட்டத்தைப் பார்த்து முதலில் நீ ஆச்சரியப்படப் போவது ஒன்று: இரண்டு கட்சியும் கலந்துதான் உட்காரும். நடுவில் வேலி, போலீஸ் வரிசை எதுவும் கிடையாது. உன் இடப்பக்கம் காலிங்வுட் பாட்டி, வலப்பக்கம் கார்ல்டன் குடும்பம். இது தானாக நிற்பது இல்லை; உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் வாயும்தான் இதைத் தாங்குகிறது. கத்தலாம், கிண்டல் செய்யலாம். பந்தை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவரைப் பார்த்து ஐம்பதாயிரம் பேர் ஒரே குரலில் "பால்!" (பந்து!) என்று அலறுவது காதுக்கு நல்ல விருந்து. நடுவரின் தீர்ப்பைப் பற்றிப் புலம்பலாம், நடுவரின் அம்மாவைப் பற்றிப் பேசக்கூடாது. ஆட்டக்காரர்களுக்கு அந்தப் புலம்பலும் கிடையாது. 2022-லிருந்து கெடுபிடி அதிகம்: தீர்ப்பு பிடிக்காமல் கையை விரித்துக் காட்டினாலே 50 மீட்டர் அபராதம் விழலாம். எதிரணிக்குப் பந்து 50 மீட்டர் முன்னால் நகர்ந்துவிடும். எட்டாத கோல் கண்ணெதிரே வந்துவிடும். கொஞ்சம் அதிகப்படிதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் காரணம் நியாயமானது. பெரிய ஆட்டத்தில் பார்த்ததைத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் ஆட்டத்தில் அப்பாக்கள் செய்கிறார்கள். பதினாறு வயது நடுவர்ப் பிள்ளைகள் திட்டு வாங்கி விசிலைக் கழற்றிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்போது அந்த 1995 ஆட்டத்துக்கு வருகிறேன். எஸெண்டனின் 13-ஆம் எண் மைக்கேல் லாங், இந்த மண்ணின் பூர்வகுடிக்காரர். அன்று எதிரணி வீரர் ஒருவர் அவரை நிறத்தைச் சொல்லித் திட்டினார். அதுவரை இதற்கு ஒரே வழக்கம்தான்: மைதானத்தில் நடந்தது மைதானத்தோடு. லாங் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, புகார் கொடுத்தார். சமரசம் பேசி, இரண்டு பேரையும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார வைத்தார்கள். அது லாங்குக்கு நியாயமாகப் படவில்லை. அவர் விடாமல் நின்றார். அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே இன, மத வசைக்கு எதிரான விதி வந்தது. 2004-இல் இதே மனிதர் பூர்வகுடி மக்களின் நிலை பற்றிப் பிரதமரிடம் பேசவேண்டும் என்று மெல்பர்னிலிருந்து கான்பராவை நோக்கி நடக்கத் தொடங்கினார். பிரதமர் அவரைச் சந்தித்தார். ஒவ்வோர் ஆண்டும் இந்த மே மாதத்தில் எஸெண்டனும் ரிச்மண்டும் மோதும் இரவில் ஃபெடரேஷன் சதுக்கத்திலிருந்து எம்சிஜிவரை ஜனங்கள் அவரோடு நடப்பது அந்த நடையின் தொடர்ச்சிதான்.

அந்த 1995 ஆட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்னால், 1993 ஏப்ரல் 17. காலிங்வுட்டின் சொந்த மைதானமான விக்டோரியா பார்க். செயின்ட் கில்டாவுக்கு ஆடிய பூர்வகுடி வீரர்கள் நிக்கி வின்மாரையும் கில்பர்ட் மெக்காடமையும் கேலரியிலிருந்து ஆட்டம் முழுக்க நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். செயின்ட் கில்டா 22 பாயின்ட்டில் ஜெயித்தது. சைரன் அடித்ததும் வின்மார் அந்தக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, பனியனைத் தூக்கி, தன் வயிற்றுத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். அவ்வளவுதான். புகைப்படக்காரர்கள் இருவர் அந்த நொடியைப் பிடித்தார்கள். ஆங்கிலத்தில் 'கட்ஸ்' என்றால் குடலும்தான், தைரியமும்தான்; அதனால் 'என்னிடம் தைரியம் இருக்கிறது' என்று வயிற்றைக் காட்டியதாகச் சிலர் அப்போது மழுப்பப் பார்த்தார்கள்; தன் கறுப்பில் தனக்குப் பெருமை என்றுதான் காட்டினேன் என்று வின்மார் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்று பெர்த்தின் பெரிய மைதானத்துக்கு வெளியே அதே நிலையில் அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. விக்டோரியா பார்க்கில் இப்போது ஆண்கள் லீக் ஆட்டங்கள் இல்லை. அதே பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது, ஒரு மாலை இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வா.

பூர்வகுடி மக்களைப் போற்றும் இந்த மே மாதச் சுற்று ஆட்டங்களுக்கு சர் டக் நிக்கல்ஸ் பெயர். அவரும் பூர்வகுடிக்காரர். குள்ளமான மனிதர், ஐந்தடி இரண்டு அங்குலம். 1927-இல் கார்ல்டன் அணிக்குப் பயிற்சிக்குப் போனார். ஆட்டக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் ஆட்கள் இவர் கறுப்பர் என்று தொட மறுத்தார்கள். பிறகு ஃபிட்ஸ்ராய் அணிக்கு வந்த முதல் நாள் உடைமாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அணியின் நட்சத்திரமான ஹேடன் பன்டன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு, சண்டை எதுவும் இல்லை, பெஞ்சில் இடம் மாறினார், அவ்வளவே. நிக்கல்ஸ் பிறகு பாதிரியாராகித் தன் மக்களுக்காக வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்தார். 1972-இல் சர் பட்டம், 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர் பதவி. எனக்கென்னவோ அந்தப் பெஞ்சுதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆடம் குட்ஸ், பூர்வகுடிக்காரர், சிட்னி அணியின் 37-ஆம் எண், சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கியவர். 2013 மே 24, எம்சிஜி. எல்லைக்கோட்டருகே ஒரு இனவசை காதில் விழுந்ததும் நின்று, கேலரியைச் சுட்டிக் காவலரிடம் காட்டினார். சொன்னது 13 வயதுப் பெண்பிள்ளை. மறுநாளே, அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள், அவளுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2014-இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் விருது. 2015-இல் அவர் பந்தைத் தொட்டாலே கூட்டம் "ஊ" என்று ஊளையிட்டது, வாரா வாரம், ஊர் ஊராக.

இதைக் கொஞ்சம் கூர்ந்து பார். ஊளையிட்டவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: ஃப்ரீ கிக் வாங்க நடிக்கிறார், கோல் போட்டுவிட்டுப் போர் நடனம் ஆடினார், அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தார். ஒருவர் மனதில் உண்மையிலேயே ஃப்ரீ கிக் மட்டும்தான் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தின் ஊளையில் காரணம் தனித்தனியாகக் கேட்காது. இனவெறியில் ஊளையிடுகிறவனும் நீயும் சேர்ந்தால் ஒரே சத்தம்தான். அவன் ஒளிந்துகொள்ள நீ மறைப்புக் கட்டிக் கொடுக்கிறாய். குட்ஸ் ஒரு வாரம் ஒதுங்கினார். அந்த வாரம் சிட்னி மைதானத்தில், மூன்றாவது குவார்ட்டரின் 7-வது நிமிடம், அவர் எண்ணுக்காகக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பருவத்தோடு 372 ஆட்டங்களில் முடித்துக்கொண்டார். லீக்கும் 18 கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டது 2019-இல். நாலு வருஷம் கழித்து.

உன் பக்கத்தில் ஒருவன் அப்படி வாய் விட்டால் என்ன செய்வது? எதிர்க்கட்சிக்காரன் என்றால் கோபம் சுலபமாக வரும். உன் நிறத்து ஸ்கார்ஃப் போட்டவன், அரை மணி முன்னால் உனக்குச் சிப்ஸ் நீட்டியவன் என்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆள் நிதானமாக இருந்தால் "விடுப்பா, அது வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை, குரல் உயர்த்தாமல் சொல். குடித்திருந்தால் வாயே கொடுக்காதே, முகத்துக்கு நேராக ஃபோனை நீட்டிப் படம் எடுக்காதே. அடிதடி ஆகிவிட்டால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். மைதானத்தில் புகாருக்கென்று ஒரு குறுஞ்செய்தி எண் உண்டு, உள்ளே போனதும் ஃபோனில் ஏற்றிக்கொள். அடுக்கு, பகுதி (பே) எண், வரிசை, இருக்கை, சொன்ன வார்த்தை, நேரம் ஆகியவற்றை அப்போதே அனுப்பு. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் ஆள் எழுந்து போயிருப்பான், வரிசை எண்ணும் மறந்திருக்கும். குறுஞ்செய்தி கைவராவிட்டால் படிக்கட்டருகே நிற்கும் ஊழியரிடம் போய்ச் சொல்.

எதிரணியை மதிப்பதில் நம் ஊர்க் கூட்டமும் குறைந்தது இல்லை. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம்; பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது அத்தனை ஜனமும் எழுந்து நின்று கைதட்டியது. இங்கே யாராவது கேட்டால் அதைச் சொல்.

கடைசியாக, டிப்பிங். வேலை செய்யும் இடங்களில் வாராவாரம் யார் ஜெயிப்பார்கள் என்று குறிப்பார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 9 ஆட்டம், சரியான ஊகத்துக்கு ஒரு பாயின்ட். முதல் ஆட்டத்துக்கு மட்டும் எத்தனை பாயின்ட் வித்தியாசம் என்றும் எழுதவேண்டும், சமனானால் அதை வைத்துத்தான் முடிவு. மறந்துபோனால் பல இடங்களில் விருந்தாளியாக வந்து ஆடும் அணிகளை உன் பேரில் போட்டுவிடுவார்கள். சுற்று பெரும்பாலும் வியாழன் இரவே தொடங்கிவிடும், வெள்ளிக்கிழமை என்று இருந்துவிடாதே.

அணியைப் பற்றி அவசரப்படாதே. இரண்டு மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு எடு. எடுத்த பிறகு மாற்ற முடியாது. வேலையை மாற்றினாலும் மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். அங்கிருந்து ஸ்கார்ஃப், குல்லா எதுவும் வாங்கி வராதே, பெட்டியில் அந்த இடத்துக்கு அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டு வை.

அன்புடன்,
அக்கா